காவின் கடதாசியும் வாப்பாவின் பென்சனும்

என் வாப்பா 1971 ஒக்டோபரில் மௌத்தானார். மருதமுனையில் அன்றைக்கு நல்ல மழை. கபுறுக் குழியில் ஊறிய தண்ணீரை வாளியால் அள்ளி ஊற்றிவிட்டுத்தான் ஜனாஸாவை இறக்கியதாகக் காக்காமார் வந்து சொன்னார்கள். எனக்கு வயது பன்னிரண்டு. உம்மாவுக்கு முப்பது இருக்கலாம். அந்த 'இருக்கலாம்' என்ற சொல்லால்தான் உம்மா மூன்று வருடம் கந்தோர் கந்தோராக நடந்தார்.

வாப்பா அரசாங்கப் பாடசாலை வாத்தியார். 1954இல் நியமனம். பதினேழு வருடமும் மாதாமாதம் அவருடைய சம்பளத்தில் ஒரு தொகை வெட்டப்பட்டு வந்தது. அதை 'டபிள்யூ அன்ட் ஓ.பி.' என்பார்கள். சம்பளச் சீட்டில் அந்த எழுத்துகளைப் பார்த்திருக்கிறேனே தவிர, அது என்னவென்று வாப்பா இருக்கும் வரை எனக்குத் தெரியாது. விதவைகள், அநாதைகள் ஓய்வூதிய நிதி. 1898ஆம் ஆண்டின் முதலாம் இலக்கக் கட்டளைச் சட்டம். வெள்ளைக்காரன் காலத்தில், அரசாங்க உத்தியோகத்தன் இறந்தால் அவன் மனைவி மக்கள் தெருவில் நிற்கக் கூடாது என்று ஏற்படுத்தியது. அந்நாளில் ஆண் உத்தியோகத்தன் தன் சம்பளத்திலிருந்து கட்டுவான். அவன் போன பிறகு மனைவிக்கு வரும். அவள் மறுமணம் செய்தால் நிற்கும். இங்கிலாந்தில் 1925இல் கொண்டுவந்த விதவைப் பென்சனுக்கும் இதே நிபந்தனைதான். பெண்ணுக்குச் சோறு போடுவது புருஷன். ஒருவன் போய் இன்னொருவன் வந்துவிட்டால் அரசாங்கத்தின் கடமை முடிந்தது. இதுதான் அந்தச் சட்டத்தின் எண்ணம்.

கிழக்கிலங்கையில் எங்கள் கரை அப்படிப்பட்ட இடமில்லை. கல்முனையிலிருந்து பொத்துவில் வரைக்கும், சாய்ந்தமருது, நிந்தவூர், சம்மாந்துறை, அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று எங்கும், வீடு பெண்ணுடையது. பெண் பிள்ளை பிறந்த நாளிலிருந்து வாப்பாவும் காக்காமாரும் அவளுக்கு வளவு தேடத் தொடங்குவார்கள். கல்யாணம் முடிந்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். குடி என்னும் குலமும் தாய்வழியில் வருவது. உம்மாவின் குடிதான் என் குடி, என் மகளின் குடி. அக்கரைப்பற்றில் 1969 முதல் வந்து வந்து தங்கி ஆராய்ந்த டெனிஸ் மக்கில்வ்ரே என்ற அமெரிக்க மானிடவியலாளர், தமிழரும் முஸ்லிம்களும் ஒருமித்துக் கைக்கொண்ட இந்தத் தாய்வழி முறையைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார். எங்களுக்கு அது வாழ்க்கை. புருஷன் மௌத்தானாலும் தலாக் சொல்லிப் போனாலும் பெண் தன் வளவில், தன் கிணற்றடியில், தன் ராத்தா தங்கச்சிமாருக்கு நடுவில் இருப்பாள். பக்கத்து வீட்டுக்கு வேலி கூட இருக்காது. 'நீ யாருடைய பெண்சாதி?' என்று கேட்டு அவளுக்கு யாரும் சோறு போட்டதில்லை.

அந்தக் கேள்வியை முதன்முதலில் கேட்டது பென்சன்தான் என்பது என் எண்ணம்.

1898இல் இந்தச் சட்டம் வந்தபோது எங்கள் ஊர்களில் அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டியவர்கள் விரல் விட்டு எண்ணக்கூடியவர்களாகத்தான் இருந்திருப்பார்கள். வயல், கடல், தறி, கடை, இவ்வளவுதான் தொழில். அரசாங்க உத்தியோகம் என்று பரவலாக வந்தது 1945இல் இலவசக் கல்வி வந்த பிறகு. 1949இல் கல்முனை ஸாஹிரா கல்லூரி தொடங்கியது. படித்த பிள்ளைகள் வாத்தியார்களானார்கள். அட்டாளைச்சேனைக் கலாசாலையில் பயிற்சி முடித்து வெள்ளைச் சாரமும் சேர்ட்டும் குடையுமாக வந்த ஒரு தலைமுறை அது. பென்சன் உள்ள மாப்பிள்ளை என்று பெண் வீட்டார் தேடிப் போனார்கள். உம்மும்மா சொல்வார்: "வயல் தண்ணியில போகும், தறி வெலைல போகும். பென்சன் மட்டும் மௌத்துக்குப் பொறகும் வரும் புள்ள." வரும்தான். யாருக்கு வரும் என்பதைக் கடதாசி சொல்ல வேண்டும் என்பது உம்மும்மாவுக்குத் தெரியாது.

உம்மாவுக்கு 1957இல் நிக்காஹ் நடந்தது. பள்ளி மரைக்கார்மார் வந்தார்கள், லெப்பை குத்பா ஓதினார், வலியாக, பெண்ணின் பொறுப்பாளராக, உம்மாவின் வாப்பா கைப்பிடித்துக் கொடுத்தார், மஹர் சொல்லப்பட்டது, சாட்சிகள் இருவர். மார்க்கப்படி ஒரு குறையும் இல்லை. காவின் என்னும் திருமணப் பதிவை எழுதும் பதிவுகாரர் அன்றைக்கு வேறு ஊருக்குப் போயிருந்தாராம். "பிறகு எழுதிக்கலாம்" என்றார்கள். பிறகு மூத்த பிள்ளை நான் பிறந்தேன், தம்பி பிறந்தான், தங்கச்சி பிறந்தாள். அந்தப் 'பிறகு' வரவேயில்லை.

அப்படி விட்டது சோம்பலால் என்று நான் நினைக்கவில்லை. முஸ்லிம்களின் திருமணத்தைப் பதியச் சொல்லும் சட்டம் இந்த நாட்டில் 1886இலேயே உண்டு. 1929இல் ஒன்று எழுதி 1937இல் நடைமுறைக்கு வந்தது. பிறகு 1951ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க முஸ்லிம் திருமண, விவாகரத்துச் சட்டம். அது 1954 ஓகஸ்டில் அமுலானது. பதிய வேண்டும் என்று அது சொல்கிறது. அதே சட்டத்தின் 16ஆம் பிரிவு, பதியவில்லை என்ற ஒரே காரணத்துக்காகச் செல்லுபடியான திருமணம் செல்லாமல் போகாது என்றும் சொல்கிறது. அப்படி ஒரு பிரிவு இருந்திராவிட்டால் எத்தனையோ நல்ல நிக்காஹ்கள் ஒரு புத்தகம் இல்லாத குறைக்காக இல்லையென்றாகியிருக்கும். ஆகவே அதை நான் குறை சொல்ல மாட்டேன். ஊரும் அதைத்தான் நம்பியது. அல்லாஹ்வுக்கும் ஊருக்கும் சட்டத்துக்கும் தெரிந்த கல்யாணம். அதற்கு மேல் என்ன வேண்டும்?

பென்சன் கந்தோருக்குக் கடதாசி வேண்டும்.

வாப்பா மௌத்தாகி நாலு மாதம் பத்து நாள் உம்மா இத்தா இருந்தார். உள் அறையில், வெள்ளைச் சேலையில், அந்நிய ஆண்கள் முகம் காணாமல். முதல் கடிதம் வந்தது அந்த நாட்களில்தான். விண்ணப்பதாரர் நேரில் வர வேண்டும். மாமா போய் நிலைமையைச் சொன்னார். மேசையில் இருந்தவர் இளம் பொடியன், வேற்றூர்க்காரர், இத்தா என்றால் என்னவென்று அவருக்கு விளங்கவில்லை. அவரையும் நான் குறை சொல்ல மாட்டேன். இத்தா முடிந்து உம்மா முதல்முறையாகத் தனியாகப் பஸ் ஏறியது அந்தக் கந்தோருக்குத்தான். என் கையைப் பிடித்துக்கொண்டு போனார். பிடித்த கை வியர்த்து வழுக்கியது எனக்கு இன்றும் நினைவிருக்கிறது.

காவின் இல்லை. உம்மாவுக்குப் பிறப்புச் சான்றிதழும் இல்லை. வீட்டில், மருத்துவிச்சி கையில் பிறந்தவர். வாப்பா தன் கோப்பில் மனைவியின் பெயரை எழுதிக் கொடுத்திருந்தார். அதில் அவர் எழுதிய பெயர் உம்மாவின் முழுப் பெயர். ஊரும் வாக்காளர் இடாப்பும் அறிந்தது வீட்டுப் பெயர். இரண்டும் ஒரே ஆள் என்று காட்ட வேண்டும். வயது எத்தனை என்று காட்ட வேண்டும். கல்யாணம் நடந்தது என்று காட்ட வேண்டும். உம்மா திரும்பி வந்து முன்வாசல் குந்தில் அமர்ந்து ஒன்று சொன்னார். அதை எத்தனை தடவை நினைத்திருப்பேனோ தெரியாது: "மூணு புள்ள பெத்திருக்கன். இன்னும் நான் ஆருட பொண்சாதியெண்டு கேக்கிறாங்க கா."

முதலில் உத்தேச வயதுச் சான்றிதழ் எடுத்தோம். வைத்தியர் பல்லைப் பார்த்து, ஆளைப் பார்த்து ஒரு வயதை எழுதினார். அதிலிருந்துதான் உம்மாவுக்கு ஒரு பிறந்த வருடம் வந்தது. பிறகு சமாதான நீதவானிடம் சத்தியக்கடதாசிகள். நிக்காஹ் ஓதிய லெப்பை அப்போது உயிரோடு இருந்தார், கண் பார்வை போயிருந்தது. எங்கள் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து, எந்த மாதம், யார் யார் சாட்சி, மஹர் எவ்வளவு என்று தட்டாமல் சொன்னார். பெருவிரலை மையில் வைத்து அவர் ஒற்றிய அடையாளம் கடதாசியில் சற்றுச் சரிந்து விழுந்தது. சாட்சிகளில் ஒருவர் மௌத்து. மற்றவர் கல்முனைக்குடியில் இருந்தார். மாமா சைக்கிளில் போய்க் கூட்டிவந்தார். மரைக்கார் ஒரு கடிதம் கொடுத்தார்.

எல்லாவற்றையும் விட உதவியது வாப்பாவின் கொப்பி. றங்குப்பெட்டியின் அடியில், பாடக் குறிப்புக் கொப்பிகளோடு கிடந்தது. முதல் பக்கத்தில் அவருடைய கணக்கான எழுத்தில் எங்கள் மூவரின் பிறந்த நாளும் நேரமும், அதற்கு மேலே நிக்காஹ் நடந்த நாள், ஹிஜ்ரி மாதமும் இங்கிலீஷ் திகதியும் சேர்த்து. நீல மை, திகதியின் கீழே மட்டும் சிவப்புக் கோடு, பிள்ளைகளின் கொப்பியைத் திருத்தும் அதே பேனாவால். அந்தப் பக்கத்தின் உறுதிப்படுத்திய பிரதி கொழும்புக்குப் போனது. 1974இல் நிலுவையோடு பென்சன் வந்தது. மூலக் கொப்பியைச் சுனாமி கொண்டுபோயிற்று.

வாப்பா படிப்பித்தது பதினேழு வருடம். அந்தப் பென்சன் உம்மாவுக்கு வந்தது நாற்பத்திரண்டு வருடம். எங்களை அது படிப்பித்தது. தங்கச்சிக்கு வளவு வாங்கிய பணத்திலும் அது இருந்தது.

இந்த அலைச்சலை ஊர் பார்த்துக்கொண்டிருந்தது. வாத்தியார் பெண்சாதிக்கே இந்தக் கதி என்றால் எங்களுக்கு என்ன என்று பெண் பெற்றவர்கள் கேட்கத் தொடங்கினார்கள். 1970களின் கடைசியில் எங்கள் தெருவில் நடந்த கல்யாணங்களில் காவின் புத்தகம் வந்த பிறகுதான் கைப்பிடித்துக் கொடுத்தார்கள். பள்ளியில் லெப்பை நல்லபடியாகச் சொல்லிச் செய்ய முடியாததைப் பென்சன் செய்தது. பிள்ளை பிறந்தால் பிறப்பைப் பதிவதும் அப்படித்தான். 1972இலிருந்து கொடுக்கத் தொடங்கிய அடையாள அட்டைக்கும் பெண்கள் படம் பிடித்தார்கள். முக்காட்டை எவ்வளவு பின்னுக்கு இழுப்பது என்று வீட்டுக்கு வீடு ஒரு விவாதம்.

இன்னொன்றையும் பென்சன் செய்தது. அதைச் சொல்ல எனக்குத் துக்கமாக இருக்கிறது.

எங்கள் மார்க்கத்தில் இத்தா முடிந்த பெண் மறுமணம் செய்வதில் ஒரு வெட்கமும் இல்லை. என் உம்மும்மாவே இரண்டாவது நிக்காஹில் பிறந்தவர். சிறுவயதில் புருஷனை இழந்தவளை அப்படியே விட்டுவைப்பதை ஊர் பாவமாக எண்ணியது. பென்சன் வந்த வீடுகளில் அது மெல்ல மாறியது. 1976இல் என்று நினைக்கிறேன், சம்மாந்துறையிலிருந்து ஒரு பேச்சு வந்தது. மனைவியை இழந்த, வயல் உள்ள, தன்மையான மனுஷர். மாமாவுக்கு விருப்பம். மாமியும் நானும் குசினிக்குள் நின்றோம். உம்மா அரிசி புடைத்துக்கொண்டே கேட்டார், "கலியாணம் முடிச்சா வாத்தியாருட காசு நிண்டுருமே? புள்ளைகள்ற படிப்பு?" மாமா பேசவில்லை. அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. உம்மாவுக்கு அப்போது முப்பத்தைந்து. பிள்ளைகளுக்காகத்தான் வேண்டாம் என்றாரா, வாப்பாவின் நினைவிலா, பென்சனுக்குப் பயந்தா என்று நான் கேட்டதில்லை. கேட்டிருக்க வேண்டும்.

வேறு சில வீடுகளில் வேறு வழி கண்டார்கள். நிக்காஹ் ஓதுவது, காவின் எழுதாமல் விடுவது. மார்க்கத்தில் அவள் மனைவி. கோப்பில் அவள் விதவை. 16ஆம் பிரிவு நல்ல எண்ணத்தோடு திறந்து வைத்த கதவு அது, அதன் வழியாகப் பசி உள்ளே வந்தது. ஆனால் அப்படி வாழ்ந்த பெண் ஒவ்வொரு வருடமும் உயிர்வாழ் சான்றிதழில் கையொப்பமிட கிராம சேவகர் முன் நிற்கும்போது முகத்தை எங்கே வைப்பாள்? அந்த இரண்டாவது புருஷனும் மௌத்தானால் அவனுடைய எதிலும் அவளுக்கு உரிமை காட்ட ஒரு துண்டுக் கடதாசி கிடையாது. ஒரு பென்சனைக் காப்பாற்றப் போய் மற்ற எல்லாவற்றையும் இழந்த பெண்களை நான் அறிவேன். அவர்களை நோக்கி ஒருபோதும் விரல் நீட்ட மாட்டேன்.

ஆண்கள் செய்த மறைப்பு இதிலும் பெரியது. இரண்டாவது திருமணம் செய்பவன் முன்கூட்டியே முஸ்லிம் விவாக நீதவானான காதியாருக்கு அறிவிக்க வேண்டும் என்று 1951 சட்டம் சொல்கிறது. அறிவித்தால் முதல் மனைவிக்குத் தெரிந்துவிடும். ஆகவே தூரத்து ஊரில், இரவில், காவின் இல்லாத நிக்காஹ். அரசாங்கத் திணைக்களம் ஒன்றில் வேலை செய்த ஒருவரின் ஜனாஸா வீட்டுக்கு, இரண்டு கைக்குழந்தைகளோடு ஒரு பெண் வந்து வேலியோரம் நின்றதை நான் கண்ணால் கண்டேன். முதல் மனைவிதான் போய் அவளை உள்ளே கூட்டிவந்து பாயில் இருத்தினார். அந்தப் பெருந்தன்மை எங்கள் பெண்களுக்கு உண்டு. கந்தோரால் அதைச் செய்ய முடியவில்லை. தலாக்கிலும் இப்படித்தான். கோபத்தில் சொல்லிக் காதியாரிடம் பதிந்துவிடுவார்கள். இத்தாக் காலத்துக்குள் மீட்டுக்கொண்டு பழையபடி குடும்பம் நடத்துவார்கள். மீட்டதைப் பதிய மாட்டார்கள். இருபது வருடம் கழித்து அவர் கண் மூடினால் கோப்பில் அவள் விவாகரத்தானவள்.

நான் 1984இல் ஆசிரியையானேன். அதற்கு ஒரு வருடம் முன்னர்தான், 1983ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கச் சட்டம் வந்து, உத்தியோகம் பார்க்கும் பெண் இறந்தால் அவள் புருஷனுக்கும் பிள்ளைகளுக்கும் பென்சன் உண்டு என்றானது. 1898இலிருந்து எண்பத்தைந்து வருடம், பெண்ணின் சம்பளத்தில் ஒரு குடும்பம் வாழும் என்ற எண்ணமே அந்த ஏற்பாட்டில் இல்லை. படிவத்தில் 'தபுதாரர்' என்று ஒரு சொல் இருந்தது. பெண்சாதி மௌத்தான ஆண். எங்கள் ஊரில் அந்தச் சொல்லை யாரும் வாயால் சொல்லி நான் கேட்டதில்லை. அப்படிப்பட்ட ஆணுக்கு நாற்பதாம் நாள் கத்தம் முடிவதற்குள் பெண் பேசத் தொடங்கிவிடுவார்கள். பெயர் வைக்க நேரமிருக்காது.

1985இல் என் நிக்காஹ். உம்மா மூன்று நாளைக்கு முன்பிருந்தே பதிவுகாரர் வருவாரா, வருவாரா என்று ஆள் அனுப்பிக்கொண்டிருந்தார். வந்தார். மாப்பிள்ளை கையொப்பமிட்டார். வாப்பா இல்லாததால் வலியாகப் பெரியவாப்பா கையொப்பமிட்டார். சாட்சிகள் இட்டார்கள். புத்தகம் மூடப்பட்டது. அடுத்த அறையில் பட்டுச் சேலையோடு இருந்த நான், அந்த வருடம் முப்பத்தெட்டுப் பிள்ளைகளுக்குத் தங்கள் பெயரை எழுதப் பழக்கியவள். என் காவினில் என் கையொப்பம் கேட்கப்படவில்லை. அந்தச் சட்டத்தின் படிவத்தில் மணப்பெண் கையொப்பமிட இடமிருக்கவில்லை. நாளைக்கு என் பென்சன் என் புருஷனுக்குப் போக வேண்டுமானால் அதற்கு ஆதாரம் இந்தக் கடதாசி. என் சம்பளம், என் பென்சன், என் கல்யாணம்; கை மட்டும் பெரியவாப்பாவுடையது. 2009இல் நீதியரசர் ஸலீம் மர்சூப் தலைமையில் இந்தச் சட்டத்தை ஆராய ஒரு குழு அமைத்தார்கள், 2018 ஜனவரியில் அறிக்கை கொடுத்தார்கள். பெண்ணின் கையொப்பத்தைப் பற்றியும் அதில் பேசியிருந்தது. அந்தச் செய்தியைப் பத்திரிகையிலிருந்து வெட்டி என் காவினோடு வைத்திருக்கிறேன்.

யுத்தத்தைப் பற்றி நீட்ட விரும்பவில்லை. 1990 ஜூனில் கிழக்கின் பொலிஸ் நிலையங்களைப் புலிகள் சுற்றிவளைத்து, சரணடைந்த நூற்றுக்கணக்கான சிங்கள, முஸ்லிம் பொலிஸாரைக் கொன்றார்கள். எங்கள் பக்கத்துப் பிள்ளைகளும் அதில் இருந்தார்கள். ஜனாஸா இல்லை, கபுறு இல்லை. இத்தாவை எந்த நாளிலிருந்து எண்ணுவது என்று ஒரு பெண் என் உம்மாவிடம் வந்து கேட்டாள். காணாமல் போனவனை இறந்தவனாகக் கொள்ளப் பொதுச் சட்டம் காலம் கடக்கக் கேட்டது. மார்க்க அறிஞரிடையிலும் ஒரே காலக்கெடு இல்லை. உம்மா அவளை மடியில் சாய்த்துக்கொண்டார். நாள் எதையும் சொல்லவில்லை.

2004 டிசம்பர் 26 அன்று காலை சுனாமியோடு அந்தக் கேள்வி ஒரே நேரத்தில் ஆயிரம் வீடுகளுக்கு வந்தது. அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரத்துக்கு மேல் உயிர் போனது, நாட்டிலேயே அதிகம். மருதமுனையிலும் சாய்ந்தமருதிலும் கடற்கரைத் தெருக்களே இல்லாமல் போயின. பிரதான வீதிக்கு மேற்கே எங்கள் பாடசாலையில் அகதி முகாம். நானும் இன்னும் நாலு டீச்சர்மாரும் வகுப்பறை மேசைகளில் அமர்ந்து படிவம் நிரப்பினோம். எல்லோரிடமும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: காவின் இருக்கா? ஒருத்தி ஈரமான ஒரு சீலைத் துண்டை அவிழ்த்தாள். உள்ளே கடதாசி இருந்தது, ஆனால் வெறும் கூழ். பதிவுகாரரின் முத்திரை இருந்த இடத்தில் மட்டும் ஊதா நிறம் பரவியிருந்தது. பதிவுக் கந்தோரில் பிரதி இருந்தவர்கள் தப்பினார்கள். 'பிறகு எழுதிக்கலாம்' என்று விட்ட வீடுகளில், சாட்சி சொல்ல வேண்டிய லெப்பையும் மரைக்காரும் அக்கம்பக்கமும் சேர்ந்தே போயிருந்தார்கள். உடல் கிடைக்காதவர்களுக்கு மரணச் சான்றிதழ் கொடுக்க 2005இல் ஒரு தனிச் சட்டம் வந்தது. அது பெரிய உதவி. நீண்ட காலம் காத்திருக்க வேண்டியிருக்கவில்லை. ஆனால் மரணத்தை நிரூபித்த பிறகும் கல்யாணத்தை நிரூபிக்க வேண்டியிருந்தது.

என்னிடம் வந்த கோப்புகளில் பாதியை நான் உம்மாவின் வழியில்தான் செய்தேன். பழைய கொப்பிகள், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழில் தகப்பன் பெயர், பாடசாலை அனுமதிப் பதிவேடு. வாப்பாமார் தங்கள் கையால் எழுதிவைத்த எதுவும். முகாமில் உம்மா என் பக்கத்தில் ஒரு கதிரையில் இருப்பார். எழுதத் தெரியாதவர்; ஆனால் எந்தக் கடதாசிக்கு எந்தக் கடதாசி துணை என்பது அவருக்கு மனப்பாடம். "ரெண்டு பேரும் ஒராள்தான் எண்டு சத்தியக்கடதாசி எடுத்தியா புள்ள?" என்று அவராகவே கேட்பார்.

உம்மா 2016இல் மௌத்தானார். மரணத்தை அறிவித்துப் பென்சனை நிறுத்த நான்தான் போனேன். அவருடைய கைப்பையில் இருந்த பிளாஸ்டிக் உறையில் பென்சன் அட்டை, அடையாள அட்டை, மடித்து மடித்து நாலாகக் கிழியத் தொடங்கியிருந்த உத்தேச வயதுச் சான்றிதழ். பிறந்த திகதிக்கு நேரே 1941 என்று இருந்தது.

நானும் ஓய்வுபெற்றுவிட்டேன். சனிக்கிழமை காலையில் என் வீட்டு முன்வாசலுக்குப் பெண்கள் கடதாசிகளோடு வருவார்கள். அடுத்த தெருவில் ஒரு பிள்ளை இத்தா இருக்கிறாள், இருபத்தாறு வயது, புருஷன் விவசாயத் திணைக்களத்தில் வேலை செய்தவன். இன்னும் பதினெட்டு நாள். காவின் இருக்கிறது, பதிவும் சரி, ஆனால் அதில் அவள் பெயரில் ஓர் எழுத்து அடையாள அட்டையோடு பொருந்தவில்லை. கிராம சேவகர் நல்ல மனுஷன்; வீட்டுக்கே வருவதாகச் சொல்லியிருக்கிறார். திரைக்கு இந்தப் பக்கம் அவர் இருப்பார், அந்தப் பக்கம் நான் அவளோடு இருப்பேன். சத்தியக்கடதாசியை நேற்று இரவு எழுதி வைத்துவிட்டேன். கையொப்பம் அவள்தான் இட வேண்டும்.